படிக்கத் தகுதியில்லாத ஏரி

அல்மஹெட் ஊரின் குடிதண்ணீர் சுத்தமானது என்பது ஒவ்வொரு திங்கட்கிழமை காலையிலும் நிரூபிக்கப்பட்டுவந்தது. நீர் ஆணையத்தின் இரண்டாம் மாடிக் கூட்ட அறையில் நாங்கள் எல்லோரும் திரையைப் பார்த்து உட்கார்ந்திருப்போம். வாசிப்புப் பிரிவின் தலைவி குன்வோர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு கணினியில் அந்தக் கணித நோட்டைத் திறப்பார். நோட்டு என்றால் காகித நோட்டு அல்ல. திரையில் ஒரு கட்டத்துக்குள் கட்டளையை எழுதினால் அதன் கீழேயே விடையைப் போட்டுக் காட்டும் மென்பொருள். எந்தக் கோப்பைப் படிக்க வேண்டும் என்று ஒரு வரி எழுதினால் போதும், கோப்பிலிருக்கும் எண்களை அள்ளிக்கொண்டு வந்து கோடாக வரைந்துவிடும். பள்ளிக்கூடப் பிள்ளைகள் மதியச் சாப்பாட்டு மணி அடிப்பதற்குள் செய்துவிடுகிற காரியம். எங்களிடம் அதற்கு ஒரு பிரிவு இருந்தது. பிரிவுக்குத் தலைவி, தலைவிக்குத் துணைத் தலைவர், இருவருக்கும் சேர்த்து ஒரு நெறிமுறை அலுவலர்.

குன்வோர் பொத்தானை அழுத்துவார். திரையில் நீலக் கோடு ஒன்று சாப்பிட்டுவிட்டுப் படுத்த மாதிரி நீட்டிப் படுத்திருக்கும். இயக்குநர் டோர்கெல் அதைச் சற்று நேரம் கனிவோடு பார்த்துவிட்டு, "சுத்தம்" என்பார். பிறகு காபியும் இலவங்கப்பட்டை பன்னும் வரும்.

நான் அங்கே கூட்டக் குறிப்பு எழுதுகிறவன். நான் இல்லாத இடத்தில் நடந்ததை இருந்தவர்களிடம் கேட்டுக்கொண்டேன். ஆகவே கீழே வரும் பேச்சுகளில் நானாகச் சேர்த்தது எதுவும் இல்லை. சேர்க்க வேண்டிய தேவையும் ஏற்படவில்லை.

பனி உருகத் தொடங்கிய நாட்களில்தான் ஹில்லெவி ஆணையத்தின் வேறொரு பிரிவில் வேலைக்குச் சேர்ந்தாள். அதற்கு முன் வடக்கே உயர்நிலைப் பள்ளியில் கணக்கு டீச்சர். நெட்டையான உருவம், எதையும் ஒருமுறைக்கு இருமுறை பார்க்கும் பழக்கம். அந்தப் பழக்கத்தைப் பள்ளியில் விட்டுவிட்டு வந்திருக்கலாம். மூன்றாவதாக அவள் கலந்துகொண்ட திங்கட்கிழமைக் கூட்டத்தில், பன் வருவதற்குச் சற்று முன்னால், கையைத் தூக்கினாள்.

"இந்த எடத்துல ஒரு சின்ன மேடு இருக்கே. போன வாரமும் இதே எடத்துலதான் இருந்துச்சு. அதுக்கு முந்தின வாரமும்."

"ஏரிக்குன்னு ஒரு குணம் இருக்கும்ல?" என்றார் டோர்கெல்.

"இருக்கட்டும். ஆனா ஒரு வாரம் போச்சுன்னா கோடு ஒரு வாரம் நகரணுமே. மேடு நின்ன எடத்துலயே நிக்குதே?"

"அதுக்குப் பேருதான் நிலைத்தன்மை" என்றார் குன்வோர். எல்லோரும் சிரித்தோம். பன் வந்துவிட்டது.

ஹில்லெவிக்குப் பன் இறங்கவில்லை. கூட்டம் முடிந்ததும் தன் மேசையில் அந்த நோட்டைத் திறந்து, கோப்பைப் படிக்கச் சொல்லும் வரியைப் பார்த்தாள். அது எங்களுக்குக் குடிதண்ணீர் தரும் ப்யோர்ஷ்யோ ஏரியின் கோப்பைப் படிக்கவில்லை. மென்பொருளை வாங்கும்போது அதனுடன் இலவசமாக வந்திருந்த மாதிரிக் கோப்பைப் படித்துக்கொண்டிருந்தது. உள்ளே ஆஸ்திரியாவில் எங்கோ மேகத்துக்குப் பக்கத்தில் இருக்கிற ஒரு மலை ஏரியின் அளவுகள். மாடு மேயாத உயரம். மனிதர்கள் போனாலும் மூச்சு வாங்கிக்கொண்டு உடனே இறங்கிவிடுவார்கள். மென்பொருள் வாங்கிய வருடத்திலிருந்து எங்கள் ஊர் அந்த ஏரியின் சுத்தத்தைத்தான் குடித்துவந்திருக்கிறது.

ஏதோ கைத்தவறு என்று நினைத்து அவள் குன்வோரின் அறைக்கு ஓடினாள். எங்கள் அலுவலகத்தில் எல்லோரும் எல்லோரையும் நீ என்றுதான் சொல்வோம், இயக்குநர் உட்பட. அதனால் யாருக்கும் யார்மேலும் பயம் இல்லை என்று புதிதாக வருகிறவர்கள் நினைத்துக்கொள்வதுண்டு.

"குன்வோர், நம்ம நோட்டு வேற ஏதோ நாட்டு ஏரியப் படிக்குது!"

"தெரியும்."

"தெரியுமா?"

"பின்ன? கம்பெனிக்காரங்க ஒப்படைக்கும்போது அந்தக் கோப்ப வெச்சுதான் சோதிச்சுக் காட்டுனாங்க. ஒரு பிழைகூட வரல. அப்பவே சான்றிதழ் குடுத்துட்டாங்க. அந்த வரியில ஒரு எழுத்து மாத்துனாலும் சான்றிதழ் போயிடும்."

"ஆனா நம்ம ஏரி...?"

"நம்ம ஏரிக் கோப்பப் படிக்கச் சொன்னா செவப்பு எழுத்துல பிழை வருது. ஒரு நோட்டோட வேலை என்ன? பிழையில்லாம படிக்கிறது. இது படிக்குது. எந்தக் கோப்பங்கிறது வேற பிரிவோட கேள்வி."

"எந்தப் பிரிவு?"

"அந்தப் பிரிவ இன்னும் ஆரம்பிக்கல."

எங்கள் கோப்பு ஏன் பிழை காட்டுகிறது என்பது ஆணையத்தில் யாருக்கும் தெரியாத விஷயமல்ல. நாங்கள் தசமத்துக்குப் புள்ளி வைப்பதில்லை, காற்புள்ளி வைக்கிறோம். மென்பொருளோ காற்புள்ளியைக் கண்டால் எண் முடிந்துவிட்டது என்று நினைத்து அடுத்த பத்திக்குத் தாவிவிடும். இதைத் தீர்க்கக் காற்புள்ளிக் குழு என்று ஒன்று வெகுகாலமாக இயங்கிவந்தது. வருடத்துக்கு இருமுறை ஏரிக்கரை விடுதி ஒன்றில் கூடும். அதன் கடைசிக் கூட்டத்துக்கு ஹில்லெவியையும் அழைத்தார்கள்.

விடுதியில் நீராவிக் குளியலும் ஊறுகாய் மீனும் முடிந்தபின் விவாதம் தொடங்கியது. காற்புள்ளியைப் புள்ளியாக்கிவிடலாமா என்று ஹில்லெவி கேட்டாள்.

குன்வோர் எழுந்து நின்றார். "இன்னைக்குப் புள்ளின்னு சொல்லுவோம். நாளைக்கு? நம்ம பிள்ளைங்க பள்ளிக்கூடத்துல காற்புள்ளி போடக் கத்துக்குதுங்க. ஒரு மென்பொருளுக்குப் பயந்து நாம நம்ம காற்புள்ளியக் குடுத்துட்டு வந்தோம்னு நாளைக்கு அதுங்க மூஞ்சில எப்படி முழிக்கிறது?"

கைதட்டினார்கள். இரண்டு பேர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். நீராவி காரணமாகவும் இருக்கலாம்.

"புள்ளி வேண்டாம். காற்புள்ளின்னா தசமம்னு மென்பொருள்கிட்டயே சொல்லிடலாமே. ஒரே ஒரு சொல்தான் சேர்க்கணும்" என்றாள் ஹில்லெவி.

ஒருவர் இருமினார். பிறகு டோர்கெல், இந்தக் கருத்து இன்றைய பொருளில் இல்லை என்றார். அடுத்ததாக ஏரியின் பெயர் வந்தது. ப்யோர்ஷ்யோ என்று எங்கள் எழுத்தில் எழுதினால் இரண்டு இடங்களில் தலையில் புள்ளிகள் வைத்த எழுத்து வரும். கோப்பின் பெயரில் அது இருந்தால் சில கணினிகள் கோப்பே இல்லை என்று சாதிக்கும். எனவே ஏரியின் பெயரையே மாற்றிவிடலாம் என்று குழு ஒருமனதாகப் பரிந்துரைத்தது. கோப்பின் பெயரை மாற்றலாமே என்று ஹில்லெவி ஈனக்குரலில் கேட்டதைக் குறிப்பில் எழுத வேண்டாம் என்று எனக்குச் சைகை காட்டினார்கள்.

இவ்வளவும் ஒரு வேடிக்கையாகவே கழிந்திருக்கும். ஆனால் அந்த வாரம் கடையில் பால் எடுத்துக்கொண்டிருந்த ஹில்லெவியின் தோளை மைகென் தொட்டாள். மைகென் கீழத்தெரு மழலையர் பள்ளியை நடத்துகிறவள், ஹில்லெவிக்கு எதிர்வீடு. கொஞ்ச நாளிலேயே இருவரும் டீ போட்டுப் பேசிக்கொள்ளும் அளவுக்குப் பழகியிருந்தார்கள்.

"ஏண்டி, நீ தண்ணி ஆபீஸ்லதான இருக்க? எங்க பள்ளிக்கூடத்துல பாதிப் புள்ளைங்க வாந்தி. மீதிப் புள்ளைங்களுக்கு வேற பக்கம். நான் காலையில இருந்து தொடச்சிக்கிட்டே இருக்கேன். தண்ணியில ஏதாவது இருக்கா?"

ஹில்லெவி வாயைத் திறந்தாள். ஆஸ்திரியா நினைவுக்கு வந்தது. மூடிக்கொண்டாள்.

"எனக்குத் தெரியலடி. பாத்துட்டு வர்றேன்."

மறுநாள் அவள் ஏரிக்கரைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போனாள். ஆணையத்திலிருந்து அங்கே யாரும் வந்து வெகுகாலம் ஆகிவிட்டதால், வாசலில் இருந்த தொழிலாளி ஸிக்ஸ்டன் அவளை வழிதவறி வந்தவள் என்று நினைத்து நெடுஞ்சாலைக்கு வழி சொன்னான். அவள் விஷயத்தைச் சொன்னதும் உள்ளே அழைத்துப் போய், ஏரித் தண்ணீர் நுழையும் இடத்திலிருந்த கம்பி வலையைத் தூக்கிக் காட்டினான். வலையில் கொத்துக் கொத்தாக மயிர், குழந்தைகளைத் துடைத்தெறிந்த ஈரத்தாள்கள், அவற்றுக்கிடையே மஞ்சளும் பழுப்புமாக ஒரு களி. அது சொட்டியது. ஹில்லெவி கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"அக்கரையில கழிவுநீர்க் குழா ஒண்ணு ஒடஞ்சிருக்கு. அது பத்தாதுன்னு மேல பண்ணையில சாணித் தொட்டி வழியுது. பனி உருகி எல்லாம் சேந்து எறங்குது. எங்க வடிகட்டி தாங்கல" என்றான்.

"நீ யார்கிட்டயும் சொல்லலையா?"

"தெனமும் அளந்து கோப்புல போட்டுட்டுதான இருக்கேன். ஆபீஸ்ல படிக்கிறதுக்குன்னே ஒரு பிரிவு இருக்குல்ல? மேல ஃபோன் பண்ணேன். எல்லாம் கோப்புல இருந்தா போதும்னாங்க."

ஹில்லெவி அங்கேயே ஒரு கவிழ்த்த வாளிமேல் உட்கார்ந்து, தன் கணினியில் புதிதாக ஒரு நோட்டைத் திறந்து, ஸிக்ஸ்டனின் கோப்பைப் படிக்கச் சொன்னாள். காற்புள்ளி என்றால் தசமம் என்று ஒரு சொல் சேர்த்தாள். கோப்பு முழுவதும் வந்து விழுந்தது. கிருமிகளின் கோடு குளிர்காலம் முழுக்கத் தரையோடு தரையாக ஓடி, பனி உருகத் தொடங்கிய நாளிலிருந்து சுவர் ஏறுகிறவனைப் போல நேரே மேலே போனது. திரையில் இடம் போதவில்லை.

அதை எடுத்துக்கொண்டு நேராக டோர்கெலின் அறைக்கு வந்தாள். டோர்கெல் பார்த்தார். நிதானமாகப் பார்த்தார். அழகான மனிதர், வெள்ளித் தலை, எதையும் அமைதியாகக் கேட்டுக்கொள்ளும் முகம். அந்த முகத்துக்காகவே அவரை இயக்குநராக்கினார்கள் என்று சொல்வதுண்டு.

"இத யார் படிச்சது?"

"நான்தான்."

"நீ வாசிப்புப் பிரிவுல இல்லையே, ஹில்லெவி."

"இல்ல. ஆனா இதப் பாரு, இந்தக் கோடு..."

"இங்க பாரு, நீ கெட்டிக்காரி. அத நான் மதிக்கிறேன். ஆனா வாசிப்புங்கிறது வேற, எட்டிப் பாக்கிறதுங்கிறது வேற. பக்கத்து வீட்டு ஜன்னல் வழியா எட்டிப் பாத்து நீ ஒண்ணு பாத்துட்டேன்னு வை. நீ பாத்தது உண்மையாவே இருக்கலாம். அதுக்காக அத ஏத்துக்க முடியுமா? மொறைப்படி படிக்காத எண்ணு எண்ணே இல்ல. அது வதந்தி."

"குழந்தைங்க வாந்தி எடுக்குறாங்க, டோர்கெல்."

"வாந்தி சுகாதாரத் துறையோடது. நம்மளது தண்ணி. அவங்க எல்லைக்குள்ள நாம போகக் கூடாது. அது மரியாதை இல்ல."

ஆனாலும் அவர் கல்நெஞ்சர் அல்ல. ஹில்லெவி முறைப்படி படிக்கத் தகுதி பெறட்டும் என்று, தலைநகரிலிருந்து வந்த ஓர் ஆலோசகனின் 'கோப்புத் திறப்பு: அடிப்படை' என்ற பயிற்சிக்கு அவளை அனுப்பிவைத்தார். பயிற்சியில் எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து கண்ணை மூடி, கையில் ஒரு கோப்பு இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும்.

"அதோட கனத்த உணருங்க" என்றான் ஆலோசகன். சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, காலில் செருப்பில்லை. "அவசரமாத் தொறந்துடாதீங்க. கோப்பு உங்ககிட்ட என்ன எதிர்பாக்குதுன்னு கேளுங்க. ஹில்லெவி, உன் கோப்பு என்ன சொல்லுது?"

"படிங்கடான்னு சொல்லுது."

"அது உன் கோபம். கோப்போட குரல் இல்ல. இன்னொரு தடவ கண்ண மூடு."

சான்றிதழோடு அவள் திரும்பி வந்தபோது நெறிமுறை அலுவலர் காத்திருந்தார். அவருக்கு ஒரு சந்தேகம். கிருமிகள் எந்தச் சாணியிலிருந்து வந்தன என்று கோப்பைப் படிக்கிறவர் ஊகிக்கலாம். சாணி எந்த மாட்டினுடையது என்று தெரிந்தால் மாடு யாருடையது என்று தெரிந்துவிடும். ஆகவே அது தனிநபர் விவரம். பண்ணைக்காரரிடம் எழுத்தில் சம்மதம் வாங்காமல் கோப்பைத் திறந்தால் ஆணையத்தின் மேல் வழக்கு வரலாம்.

"அப்ப அந்தக் கழிவுநீர்?" என்றாள் ஹில்லெவி.

அவர் முகம் வெளுத்தது. "அய்யோ. அது ஒரு முழுத் தெருவோட சம்மதம்."

இதற்குள் மழலையர் பள்ளியில் ஐனார் என்ற நான்கு வயதுப் பையனுக்கு மூத்திரம் நின்றுவிட்டது. சிறுநீரகத்தில் கோளாறு என்று பெரிய ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். செய்தி ஆணையத்துக்கும் வந்தது. வந்ததும் டோர்கெல் உண்மையிலேயே கலங்கிப் போனார். அதை நான் பார்த்தேன். எல்லா விதிகளையும் ஓரமாக வைத்துவிட்டு, ப்யோர்ஷ்யோவின் சொந்தக் கோப்பை உடனே, முறைப்படி, சான்றிதழ் பெற்ற நோட்டிலேயே படிக்க உத்தரவிட்டார்.

அதற்கென்று தனிக்கூட்டம் நடந்தது. கம்பெனிக்காரன் ஒருவன் வந்து சான்றிதழ் கெடாதபடி நோட்டில் ஒரு மாற்றம் செய்திருந்தான். படிக்க முடியாத இடம் வந்தால் நோட்டு இனிப் பிழை காட்டாது. அமைதியாகப் பூஜ்யம் என்று எடுத்துக்கொள்ளும். குன்வோர் பொத்தானை அழுத்தினார். நோட்டு முதல் எண்ணுக்குப் போனது. காற்புள்ளி. பூஜ்யம். அடுத்த எண். காற்புள்ளி. பூஜ்யம். இப்படியே கடைசிவரை போய், திரையின் அடிக்கோட்டோடு ஒட்டி ஒரு நீலக் கோட்டை வரைந்தது. அதில் மேடு இல்லை, பள்ளம் இல்லை. ஆஸ்திரியாகூட அந்த அளவுக்குச் சுத்தமில்லை.

"பூஜ்யம்" என்றார் குன்வோர். குரல் தழுதழுத்தது.

டோர்கெல் எழுந்து திரைக்குப் பக்கத்தில் போய் நின்றார். "இந்த நாட்டுலயே... இந்தக் கண்டத்துலயே வேற ஒரு ஏரிகூட..." என்று நீலக் கோட்டைத் தடவிக்கொடுத்தார்.

ஹில்லெவி நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். "அது பூஜ்யம் இல்ல! படிக்கத் தெரியாம விட்ட எடம்! எல்லாமே படிக்காம விட்டது!"

"ஹில்லெவி" என்றார் குன்வோர், அழுகிற பிள்ளையைச் சமாதானப்படுத்துகிற குரலில். "நீதான நம்ம கோப்பப் படிக்கணும்னு கேட்ட? படிச்சாச்சு. இப்ப விடை பிடிக்கலன்னு சண்டை போடுறியே, இது நியாயமா?"

அன்று மாலை ஹில்லெவி மைகெனின் சமையலறையில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். துடைத்துத் துடைத்து மைகெனின் கைகள் சிவந்து வெடித்திருந்தன.

"அப்ப அந்தத் தண்ணியக் காய்ச்சிக் குடுத்திருந்தா ஐனாருக்கு ஒண்ணும் ஆயிருக்காது?"

"ஆயிருக்காது" என்றாள் ஹில்லெவி.

"நான்தாண்டி ஊத்திக் குடுத்தேன்" என்றாள் மைகென். "ஓடியாடிட்டு வந்து தண்ணி குடுன்னு கேட்டான். நானே ரெண்டு தம்ளர் ஊத்திக் குடுத்தேன்." பிறகு, "பூஜ்யமாம்ல, பூஜ்யம்!" என்று எழுந்து போய் ஃபோனை எடுத்தாள். பெற்றோர்களுக்குச் சொன்னாள். பெற்றோர்கள் தெருவுக்குச் சொன்னார்கள். அடுத்த நாளே கீழத்தெரு முழுவதும் தண்ணீரைக் காய்ச்சத் தொடங்கியது. அந்த வாரக் கடைசிக்குள் பாதி ஊர். வாந்தி குறைந்தது.

வாந்தி குறைந்ததை ஆணையமும் கவனித்தது. பூஜ்யத்தைக் கொண்டாட நூலகத்துக்கு முன்னாலிருந்த சதுக்கத்தில் ஒரு விழா ஏற்பாடாயிற்று. கொடிகள், பித்தளை வாத்தியம், பத்திரிகைக்காரர்கள், நகர்மன்றத்து ஆட்கள். மேடையில் ஒரு கண்ணாடிக் கூஜாவும் தம்ளர்களும். டோர்கெல் ஒலிபெருக்கிக்கு முன்னால் வந்தார்.

"நம்ம ஊர்ல கொஞ்ச நாளா ஒரு வதந்தி ஓடிட்டு இருக்கு. தண்ணியில ஏதோ இருக்காம். அது உண்மையா இருந்திருந்தா என்ன ஆயிருக்கும்? ஊரே படுத்திருக்கும். ஆனா பாருங்க, நோவு குறைஞ்சுட்டு வருது! கெட்ட தண்ணி தானா நல்ல தண்ணி ஆகுமா? ஆகாது. அப்ப மொதல்ல இருந்தே நல்ல தண்ணிதான். இத எங்க நோட்டும் சொல்லுது. நாங்க எதையும் மறைக்கல. எங்ககிட்ட எது இருக்கோ அத எல்லாரும் பாக்கலாம். எது இல்லையோ அதத்தான் எங்களாலயும் பாக்க முடியல."

கைதட்டல் கொஞ்சம் தயங்கி வந்தது. குன்வோர் கூஜாவிலிருந்து தம்ளரில் ஊற்றி டோர்கெலிடம் கொடுத்தார். அவர் வாயருகே கொண்டுபோகும்போது, "அது எங்க பிடிச்ச தண்ணி?" என்று கூட்டத்திலிருந்து மைகெனின் குரல் வந்தது.

"தண்ணிதான்" என்றார் குன்வோர்.

"மேசைக்குக் கீழ பெட்டியில இருக்குற பாட்டில்ல இருந்து கூஜாவுல ஊத்துனத நான் பாத்தேன். அப்ப மேடைக்குப் பின்னாடி நின்னுட்டு இருந்தேன்."

பத்திரிகைக்காரர்கள் மேசைத் துணியைத் தூக்கினார்கள். மலை ஊற்றுத் தண்ணீர்ப் பாட்டில்கள் அடுக்கடுக்காக இருந்தன. எங்கள் அலுவலகத்துக்கு எப்போதும் வரவழைக்கும் அதே சரக்கு. குழாய்த் தண்ணீரில் காபி ருசிப்பதில்லை என்று குன்வோர்தான் ஏற்பாடு செய்திருந்தார். அதை அவர் மறைக்கவும் இல்லை. "அலுவலகத்துல ஒரு தரம் வேண்டாமா?" என்று பக்கத்திலிருந்தவரிடம் கேட்டார்.

மைகென் கூட்டத்தை விலக்கிக்கொண்டு மேடைக்கு வந்தாள். கையில் மழலையர் பள்ளியின் பிளாஸ்டிக் ஜாடி, பக்கத்தில் வாத்துப் படம் போட்டது. அன்று காலை பள்ளிக் குழாயில் பிடித்தது. டோர்கெலின் தம்ளரை வாங்கிக் கீழே கவிழ்த்துவிட்டு, ஜாடியிலிருந்து அதை நிரப்பி அவர் கையில் வைத்தாள். தண்ணீர் லேசாக மஞ்சள் ஓடியிருந்தது. அடியில் ஏதோ மெதுவாக இறங்கிப் படிந்தது. முன்வரிசையில் இருந்த எனக்கே அந்த வாடை வந்தது. மாட்டுக்கொட்டகையில் ஈரப் பூட்ஸைக் கழற்றிவைத்தால் வருமே, அது.

"குடி, டோர்கெல்" என்றாள் மைகென். "ஐனார் ரெண்டு தம்ளர் குடிச்சான். நீ ஒண்ணு குடி போதும்."

வாத்தியக்காரர்கள் வாசிப்பதை நிறுத்திவிட்டார்கள். டோர்கெல் தம்ளரைப் பார்த்தார். திரையில் நீலக் கோட்டைப் பார்ப்பாரே, அப்படிக் கனிவாகப் பார்க்க முயன்றார். முடியவில்லை. வெள்ளித் தலையில் வேர்த்துவிட்டது.

"சோதிச்சுப் பாக்காத தண்ணிய எப்படிம்மா குடிக்கிறது?" என்றார்.

ஒலிபெருக்கி திறந்திருந்தது. சதுக்கம் முழுக்கக் கேட்டது.

அன்றைக்கே மாவட்டத் தொற்றுநோய் மருத்துவர் ஸிக்ஸ்டனின் கோப்பை வரவழைத்துப் படித்தார். தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்க வேண்டாம் என்று ஊர் முழுக்க அறிவித்தார்கள். உடைந்த கழிவுநீர்க் குழாயை அடைத்தார்கள், சாணித் தொட்டிக்குச் சுவர் கட்டினார்கள். ஐனார் கோடை முடிந்து வீட்டுக்கு வந்தான், கன்னம் ஒட்டி, ஆளே பாதியாகி. அவனுடைய ஒரு சிறுநீரகம் இனி வேலை செய்யாது. மைகென் அவனை வாசலிலேயே வாரித் தூக்கிக்கொண்டாள். எவ்வளவு லேசாகிவிட்டான் என்று ஹில்லெவியிடம் சொல்லி அழுதாள்.

ஆணையத்தில் விசாரணை நடந்தது. வெளியிலிருந்து ஒரு தணிக்கை அதிகாரியை வரவழைத்தார்கள். டோர்கெல் கொஞ்சம் இளைத்திருந்தார், மற்றபடி நலம். நோட்டு விதிப்படி இயங்கியது, பிரிவு விதிப்படி இயங்கியது, கம்பெனி ஒப்பந்தப்படி இயங்கியது என்று முதல் நாளே முடிவாகிவிட்டது. விதியை மீறியது யார் என்பது மட்டும்தான் பாக்கி. ஹில்லெவியை உள்ளே கூப்பிட்டார்கள். நான் வழக்கம்போலக் குறிப்பெழுத உட்கார்ந்தேன்.

"ப்யோர்ஷ்யோ ஏரிக் கோப்ப, வாசிப்புப் பிரிவோட அனுமதி இல்லாம, சான்றிதழ் இல்லாத நோட்டுல நீ படிச்சியா?" என்று கேட்டார் அதிகாரி.

"படிச்சேன்."

"பண்ணைக்காரர் சம்மதம் இல்லாம?"

"ஆமா."

"படிச்சத வெளியாள்கிட்ட சொன்னியா?"

"சொன்னேன். இன்னும் சீக்கிரமா சொல்லியிருக்கணும். பயிற்சிக்குப் போய்க் கண்ண மூடிட்டு உக்காந்திருந்தேன்."

"அதாவது, குற்றச்சாட்டு எதையும் மறுக்கல?"

"எதையும் இல்ல" என்றாள். பிறகு மேசையைச் சுற்றி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள், டீச்சர் வகுப்பைப் பார்க்கிற மாதிரி. கோபத்தை எதிர்பார்த்திருந்தேன். அவள் முகத்தில் இருந்தது அருவருப்பு. ஸிக்ஸ்டன் அந்தக் கம்பி வலையைத் தூக்கிக் காட்டியபோது இருந்திருக்கக்கூடிய முகம். "நான் ஒண்ணே ஒண்ணு கேட்டுக்கிறேன். ஐனாரு இப்ப வீட்டுக்கு வந்துட்டான். இவ்வளவு நாளு விசாரிச்சீங்க. அந்தக் கோப்பு இப்பவும் இங்கதான் இருக்கு. இதுவரைக்கும் உங்கள்ல யாராவது ஒருத்தர் அதத் தொறந்து படிச்சீங்களா?"

தணிக்கை அதிகாரி டோர்கெலைப் பார்த்தார். டோர்கெல் குன்வோரைப் பார்த்தார். குன்வோர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அது விசாரணையோட வரம்புக்குள்ள வரல" என்றார் அதிகாரி கடைசியில்.

ஹில்லெவி கோட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போனாள். கதவைச் சாத்தவில்லை. யாரோ போய்ச் சாத்தினார்கள். நான் பேனாவைப் பிடித்தபடி, இதைக் குறிப்பில் எழுதலாமா என்று டோர்கெலைப் பார்த்தேன். அவர் தட்டிலிருந்த பன்களில் இலவங்கப்பட்டை அதிகமாகத் தூவியதைத் தேடிக்கொண்டிருந்தார்.